கொல்லையில் நாட்டுக்கோழி: புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள்

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டுக் கொல்லையில் பதினோரு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். பண்ணை என்று சொல்ல முடியாது. எப்போது எண்ணினாலும் இருபதிலிருந்து முப்பது உருப்படிதான் இருக்கும். முட்டை வாங்க வருகிறவர்களும், வேலையை விட்டு ஊர் திரும்பி “நாமும் நாலு கோழி வளர்க்கலாமே” என்று நினைக்கிறவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஐந்து, பத்துக் கோழி வளர்க்க நினைக்கும் வீடுகளுக்கானது இது. ஐந்நூறு, ஆயிரம் என்று போகிறவர்களுக்குக் கணக்கே வேறு.

முதலில் எத்தனை கோழியோடு தொடங்கலாம்?

ஐந்து பெட்டை, ஒரு சேவல். அதற்கு மேல் வேண்டாம் என்று கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். ஒரு பெட்டை ஒரு தடவை அடைக்கு உட்கார்ந்தால் ஏழெட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒரு வருடத்தில் இரண்டு பெட்டை உட்கார்ந்தாலே கொல்லை நிறைந்துவிடும். எடுத்த எடுப்பில் ஐம்பது குஞ்சு இறக்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். கோழி எப்போது வாடி நிற்கிறது, எப்போது சும்மா வெயிலுக்கு ஒதுங்கி நிற்கிறது என்று கண்ணுக்குப் பழகுவதற்குள் அவர்கள் பாதியை இழந்துவிடுகிறார்கள். ஆறு கோழி என்றால் ஒவ்வொன்றின் நடையும் உங்களுக்குத் தெரியும். ஒன்று மந்தமானால் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.

சேவல் இல்லாவிட்டால் முட்டை வராதா?

வரும். பெட்டை முட்டை இடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால்தான் தேவை. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஐந்து பெட்டைக்கு இரண்டு சேவல் விட்டால் பெட்டைகளின் முதுகில் இறகு நிற்காது.

எந்த இனம் வாங்குவது?

உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்தது. எங்கள் பக்கம் நாட்டுக்கோழியைச் சிறுவிடை, பெருவிடை என்று இரண்டாகப் பிரிப்போம். சிறுவிடை உடம்பு சிறுத்தது, சுறுசுறுப்பானது, தானே மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அதைவிட முக்கியம், நல்ல தாய்க்கோழி. பருந்து நிழல் தரையில் விழுந்தாலே குரல் கொடுத்துக் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பெருவிடை உயரமானது, கறி நிறைய வரும். ஆனால் முட்டை குறைவு, தீனியும் கூடுதல். அசில் என்று சொல்லப்படும் சண்டைக்கோழி வகை இதில் சேரும். அசில் சேவல்களை ஒரே கொல்லையில் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கொல்லும் வரை விடாது.

அரசு ஆராய்ச்சி நிலையங்கள் கொல்லை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய கோழிகளும் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, கிராமப்பிரியா, நமது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி ஆகியவை தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படுபவை. முட்டை என்று பார்த்தால் நாட்டுக்கோழியை இவை சுலபமாக முந்திவிடும். கிராமப்பிரியா முட்டைக்கு, வனராஜா கறிக்கும் முட்டைக்கும். ஆனால் இந்த வகைகள் பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அவற்றின் முட்டையை வேறொரு நாட்டுப்பெட்டைக்கு அடியில் வைத்துப் பொரித்தாலும் அடுத்த தலைமுறை தாயைப் போல முட்டை இடும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் குஞ்சு வாங்கித்தான் ஆக வேண்டும்.

கருங்கோழி என்று விற்கும் கடக்நாத், மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது. அதற்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அழகான கோழி, சந்தேகம் இல்லை. ஆனால் அதைச் சர்வரோக நிவாரணி போலச் சொல்லி விற்கிறார்கள். அந்தப் பேச்சுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

முதல் தடவை வளர்க்கிறீர்களா? சிறுவிடை வாங்குங்கள். அது உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும்.

சந்தையில் வாங்கலாமா?

வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டாவது வருடம், பங்குனி மாதம், சந்தையில் மூன்று பெட்டைகள் கண்ணுக்கு லட்சணமாக இருந்தன. வாங்கி வந்து நேராக மந்தையில் விட்டேன். நான்காம் நாள் அதில் ஒன்று தலையைத் தொங்கப்போட்டு மூலையில் நின்றது. ஒன்பது நாளில் பதினேழு கோழியில் பதினான்கு போயின. மிச்சம் இருந்த மூன்றில் ஒன்றுக்குக் கழுத்து கடைசிவரை நேராகவே இல்லை. சந்தைக்கு வரும் கோழிகளில் சில நோய் தொடங்கியதால்தான் அவசரமாக விற்பனைக்கு வருகின்றன. பல ஊர்க் கோழிகள் ஒரே கூடைக்குள் இருப்பதால் நல்ல கோழிக்கும் அங்கேயே தொற்றிவிடும்.

தெரிந்த வீட்டிலோ, தடுப்பூசி போட்டு விற்கும் இடத்திலோ வாங்குங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மிகவும் தோதானது குஞ்சுகளோடு ஒரு தாய்க்கோழி. அது கிடைக்காவிட்டால் நாலு முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகள். எங்கிருந்து வந்தாலும் புதுக் கோழியை இரண்டு வாரம் தனியாக, பழைய கோழிகளுக்கு எட்டாத இடத்தில் அடைத்து வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி, பிறகு புதுக் கோழிகளுக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். உங்கள் கைகால் வழியாகத்தான் நோய் நடந்து போகும்.

அரசுத் திட்டத்தில் குஞ்சு கிடைக்குமா?

தமிழக கால்நடை பராமரிப்புத் துறை “புறக்கடைக் கோழி வளர்ப்பு” என்ற பெயரில் கிராமத்துப் பெண்களுக்கு மானியத்தில் குஞ்சுகள் கொடுத்திருக்கிறது. எத்தனை குஞ்சு, யாருக்கு முன்னுரிமை என்பது வருடத்துக்கு வருடம் மாறும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் நேரில் கேட்பதுதான் வழி. கோழி வாங்குவதற்கு முன்பே அங்கே ஒரு முறை போய் மருத்துவரைப் பார்த்து வைத்துக்கொள்வது எப்படியும் நல்லது.

ஒரு நாள் குஞ்சு வாங்கினால் எப்படிக் காப்பாற்றுவது?

தாய் இல்லாத குஞ்சுக்கு நீங்கள்தான் இறக்கை. முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் இடத்தில் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். இருபது, முப்பது குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர சூடு தராது. கடையில் குண்டு பல்பு என்று கேட்டு வாங்குங்கள். மூங்கில் தட்டியோ, அட்டையோ, தகரமோ வைத்து வட்டமாக ஒரு தடுப்பு கட்டி, நடுவில் பல்பைத் தொங்கவிட வேண்டும். வட்டம் ஏன் என்றால், மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் கவலை இல்லை, குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு கத்தினால் குளிர். தடுப்பின் ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது என்று அர்த்தம். சித்திரை, வைகாசியில் பகலில் பல்பே தேவைப்படாது, இரவுக்கு மட்டும் போட்டால் போதும். மழைக்காலத்தில் மூன்று, நாலு வாரம் வரை வேண்டியிருக்கும்.

தரையில் இரண்டு அங்குலத்துக்கு உமியோ கடலைத் தோலோ பரப்பி, முதல் மூன்று நாள் அதன்மேல் பேப்பர் விரியுங்கள். இல்லாவிட்டால் தீனி என்று நினைத்து உமியைத் தின்றுவிடும். வந்து இறங்கியதும் முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸ் அல்லது கருப்பட்டி கலந்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு தடவை மெதுவாக அதில் தொட்டு விடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் தட்டையாக இருக்கட்டும், நடுவில் நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள். ஒரு அங்குலத் தண்ணீரில்கூடக் குஞ்சு மூழ்கிவிடும்.

கூண்டு எவ்வளவு பெரிது? எதில் கட்டுவது?

பகலில் வெளியே மேயும் கோழிக்கு இரவில் அடைய ஒரு கோழிக்கு ஒன்றரைச் சதுர அடி போதும். பத்துக் கோழிக்கு ஐந்தடிக்கு மூன்றடி. நான் செலவு செய்யச் சொல்லும் ஒரே இடம் இதுதான். கால் வைத்து, தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். அடித்தளத்தை மரச் சட்டங்களால் சிறு இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், கூட்டிப் பெருக்கிச் செடிக்குப் போடலாம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. கூரைக்குத் தென்னங்கீற்று நல்லது, ஓடும் நல்லது. வெறும் தகரம் போட்டால் கோடையில் உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், மேலே கீற்றாவது போட்டு மூடுங்கள்.

பக்கத்துக்கு வலை அடிக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, அறுகோண ஓட்டை போட்ட மெல்லிய கோழிவலையை வாங்குவது. அது கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். நாய் உள்ளே வராமல் தடுக்காது, பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கட்டம் உள்ள பற்றவைத்த கம்பி வலை வாங்குங்கள். எலியும் பாம்பும் நுழையாது.

உள்ளே குறுக்குவாக்கில் இரண்டு கம்பு கட்டி விடுங்கள். கோழி உயரத்தில் அடைவதைத்தான் விரும்பும். ஒரு கோழிக்கு எட்டு அங்குலக் கம்பு கணக்கு. முட்டையிட, வெளிச்சம் குறைந்த ஓரத்தில் வைக்கோல் போட்ட கூடை இரண்டு. நாலு பெட்டைக்கு ஒரு கூடை என்றாலும் எல்லாம் ஒரே கூடைக்குத்தான் வரிசையில் நிற்கும், அது அவற்றின் வழக்கம்.

குஞ்சுள்ள தாய்க்கோழிக்கு முதல் இரண்டு வாரம் பஞ்சாரம்தான், கவிழ்த்து மூடி வைக்கும் கூடை. மூங்கிலில் பின்னிய பஞ்சாரம் இப்போது குறைந்துவிட்டது. கம்பியில் செய்தது கிடைக்கிறது, அதன் மேலே சாக்கு ஒன்றைப் போட்டால் நிழலுக்கு நிழல், பருந்துக்கும் மறைப்பு.

என்ன தீனி போடுவது? மேய்ச்சல் மட்டும் போதாதா?

முழுதாகப் போதாது. கொல்லை பெரிதாக, குப்பைமேடும் மாட்டுத் தொழுவமும் இருந்த காலத்தில் போதுமானதாக இருந்தது. இன்று சிமென்ட் போட்ட முற்றத்தில் என்ன கிளறும்? வளர்ந்த கோழி ஒன்று நாளைக்கு 80 முதல் 120 கிராம் தின்னும். மேய்ச்சல் உள்ள இடத்தில் பாதியை அது தேடிக்கொள்ளும், மீதிப் பாதி நம்முடையது.

நான் பத்து கிலோவாகக் கலந்து வைத்துக்கொள்வேன்: கம்பு அல்லது உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, அரிசித் தவிடு 2 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ, உப்பில்லாத மீன் தூள் முக்கால் கிலோ, தாது உப்புக் கலவை கால் கிலோ. காலையில் கொஞ்சமாகப் போட்டு விரட்டிவிட்டால் மேயப் போகும். மாலையில் அடையும் நேரத்தில் வயிறு நிறையப் போட வேண்டும். மாலைத் தீனி தவறாமல் கிடைத்தால் நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, தானாகக் கூண்டுக்கு வந்துவிடும்.

எட்டு வாரம் வரையுள்ள குஞ்சுக்குக் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தையே வாங்கிப் போடுங்கள். அந்த வயதில் புரதம் குறைந்தால் பின்னால் எதைப் போட்டாலும் ஈடு கட்ட முடியாது. முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடும் பெட்டைக்கோ அந்தச் சத்து கட்டாயம் வேண்டும். தனியாக ஒரு சட்டியில் நொறுக்கிய கிளிஞ்சல் வைத்தால் தேவையானது தானே வந்து கொத்திக்கொள்ளும்.

கூடாதவை: ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு போல உப்பு மிகுந்த மிச்சங்கள், பூசணம் பிடித்த சோளமும் புண்ணாக்கும். மழையில் நனைந்து முடைவாடை அடிக்கும் புண்ணாக்கை “கோழிக்குத்தானே” என்று போட்டுவிடுகிறார்கள். அந்தப் பூஞ்சை நச்சு ஈரலை அரித்துவிடும். நமக்கு ஆகாதது கோழிக்கும் ஆகாது.

கரையான் பிடித்துப் போடலாம் என்கிறார்களே, எப்படி?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. செலவே இல்லாத புரதம் இது. எங்கள் அப்பத்தா செய்ததைத்தான் நானும் செய்கிறேன். ஒரு பழைய மண்பானை எடுத்து, அதற்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், ஓலைத் துண்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிடுவோம். காலையில் நிமிர்த்தினால் பானைக்குள் வெள்ளை வெளேர் என்று கரையான் அப்பிக்கிடக்கும். குஞ்சுகளுக்கு முன்னால் உதறினால் போதும், ஒரு நிமிடத்தில் தரை சுத்தமாகிவிடும். வெயில் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். வீட்டுச் சுவருக்கு, மரச் சாமானுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

எப்போது முட்டை இடத் தொடங்கும்? வருடத்துக்கு எத்தனை?

நாட்டுப்பெட்டை ஆறு, ஆறரை மாதத்தில் தொடங்கும். கொண்டை சிவந்து, கூடை கூடையாக எட்டிப் பார்த்து, ஒரு மாதிரி இழுத்துக் கத்திக்கொண்டு திரியும். பதினைந்து, இருபது முட்டை இடும், பிறகு அடைக்கு உட்காரும், குஞ்சு வளர்க்கும், மறுபடி இடும். இப்படி வருடத்துக்கு மூன்று, நாலு சுற்று. மொத்தம் 60 முதல் 80 முட்டை. பண்ணையில் வளரும் வெள்ளைக்கோழி 300-க்கு மேல் இடுகிறதே என்று ஒப்பிடாதீர்கள், அது அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம்.

இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றுபோகும். அது நோய் இல்லை. புது இறகுக்குச் சத்து தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

அடை வைப்பது எப்படி?

பெட்டை கூடையை விட்டு இறங்காமல், கிட்டே போனால் இறகைச் சிலிர்த்து உறுமினால் அடைக்குத் தயார். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளையே வையுங்கள், கோடையில் நாலைந்து நாளுக்கு உட்பட்டது நல்லது. அதுவரை முட்டையை அகன்ற பக்கம் மேலாக, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈர மணல் போட்ட சட்டியின் மேல் சாக்கு விரித்து அதில் அடுக்கி வைப்போம். ஃபிரிட்ஜ் தேவையில்லை. சிறுவிடைக்குப் பத்து முட்டை, பெரிய உடம்புக்காரிக்குப் பன்னிரண்டு. ஆசைப்பட்டுப் பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாமல் நல்லதும் கெடும்.

அகலமான கூடையில் மணலோ உமியோ போட்டு, மேலே வைக்கோல். இருட்டிய பிறகு கோழியை எடுத்து உட்கார வையுங்கள். எங்கள் ஊரில் கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டும், கரித்துண்டும், மிளகாய் வற்றலும் வைப்பார்கள். “இடி இடிச்சா கரு கலங்கிப்போகும்டா, இரும்பு அதை வாங்கிக்கிடும்” என்பார் அப்பத்தா. இடிக்கு அது என்ன செய்யுமோ, இன்றைக்கும் அவர் நினைவாக ஒரு பழைய ஆணியைப் போட்டுவிட்டுத்தான் கோழியை உட்கார வைக்கிறேன். வைக்கோலுக்கு அடியில் ஒரு கை வேப்பிலை போடுவது மட்டும் பேனுக்கு நிஜமாகவே நல்லது.

ஏழாம் நாள் இரவு, முட்டையைச் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. தெளிவாக, வெறுமையாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். தாய்க்கோழி தினம் ஒரு முறை இறங்கித் தின்று, குடித்து, எச்சம் போட்டுவிட்டுத் திரும்பும். தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள். 21-ம் நாள் பொரிக்கும். ஓடு விரிசல் விட்டதும் உதவி செய்கிறேன் என்று உரிக்கப் போனால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும். பொறுத்திருங்கள். பொரித்த குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவை வைத்தே ஒரு நாளுக்கு மேல் தாங்கும்.

அடை வேண்டாம், முட்டைதான் வேண்டும். எப்படிக் கலைப்பது?

மூக்கில் இறகைச் செருகுவதும், தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பதும் பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது கோழிக்குப் பெரும் வேதனை. அடியில் காற்றுப் புகும் கம்பிக் கூண்டில், கூடையும் வைக்கோலும் இல்லாமல், தீனி தண்ணீர் மட்டும் வைத்து மூன்று, நாலு நாள் விட்டால் வயிற்றுச் சூடு இறங்கி அடை தானாகக் கலைந்துவிடும்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் என்ன மருந்து?

வந்த பிறகு மருந்து இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

இது வைரஸ் நோய். இமயமலைப் பகுதி ஊர் ஒன்றின் பெயரால் இராணிக்கெட் நோய் என்பார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கோழி தூங்கி வழியும், வாயைத் திறந்து மூச்சு இழுக்கும், சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். தடுப்பூசி போடாத மந்தையில் புகுந்தால் பத்தில் எட்டு, ஒன்பது போய்விடும். மாசி கடைசியில் தொடங்கிக் கோடை முழுக்க ஊர் ஊராகப் போகும். நான் பதினான்கு கோழிகளைப் புதைத்தது இதனால்தான். அந்த வருடம் நான் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

பொதுவான அட்டவணை இது. குஞ்சு பிறந்து ஏழாம் நாளுக்குள் எஃப் அல்லது லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடி லசோட்டா. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் தோலுக்குள் ஆர்2பி ஊசி. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவது, கோடைக்கு முன்னால். கால்நடை மருந்தகங்களில் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். பிப்ரவரி மாதத்தில் ஊர்களில் இரு வார முகாமும் நடத்துகிறார்கள், அறிவிப்பைக் கவனித்து வையுங்கள்.

சொட்டு மருந்தை மருந்துக்கடையில் வாங்குவதாக இருந்தால், ஒரு குப்பியில் நூறு கோழிக்கானது இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க முடியாது. ஆறு கோழிக்கு ஒரு குப்பியா என்று தயங்கித்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒன்பது வீடு சேர்ந்து ஒரே நாள் காலையில் போட்டுவிடுகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு டீ செலவுகூட ஆகாது. அதோடு பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாமல் உங்கள் கோழிக்கு மட்டும் போட்டு முழு நிம்மதி கிடைக்காது. இரண்டும் ஒரே குப்பையைத்தான் கிளறுகின்றன.

மருந்தைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வர வேண்டும். பைக் டேங்க் கவரில் போட்டு வெயிலில் கொண்டு வந்த மருந்து வெறும் தண்ணீர்தான். ஏற்கெனவே வாடியிருக்கும் கோழிக்குப் போடக் கூடாது.

செத்த கோழியை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கண்மாயிலோ குப்பைமேட்டிலோ வீசினால் நாயும் காகமும் ஊர் முழுக்கக் கொண்டு சேர்த்துவிடும். ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் மருத்துவருக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். பறவைக் காய்ச்சலா இல்லையா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

கீழாநெல்லி, சின்ன வெங்காயம், மஞ்சள் அரைத்துக் கொடுத்தால் குணமாகும் என்கிறார்களே?

நானும் கொடுக்கிறேன். மழைக்காலத்தில் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், துளசி அரைத்து அரிசியில் பிசறிக் கொடுத்தால் கோழி தெம்பாக இருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் தடுப்பூசிக்குப் பதில் இது என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம். இரண்டையும் செய்யலாம். ஊசியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யக் கூடாது.

வேறு என்ன நோய்களுக்குப் பயப்பட வேண்டும்?

குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் வரும், தரை ஈரமாக இருந்தால் இதன் கிருமி பெருகும். உமியைக் கையில் பிடித்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் மாற்றுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அம்மை கொசுவால் பரவும். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கண் மூடிப்போன குஞ்சுக்குத் தீனியை ஊட்டி விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இதற்கும் தடுப்பூசி உண்டு. குடல்புழு மருந்து இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

பேனும் செள்ளும் மொய்க்கின்றன. என்ன செய்வது?

கொல்லையின் ஒரு நிழல் மூலையில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழி நிரப்பி வையுங்கள். கோழி தானே குளித்துக்கொள்ளும். அதன் பிறகும் இருந்தால் பிரச்சினை கூண்டில்தான், சட்டங்களின் இடுக்கில் இருக்கும். கூண்டை வெயிலில் காய வைத்து இடுக்குகளில் சுண்ணாம்பு அடியுங்கள். அடைக் கூடையின் வைக்கோலைக் குஞ்சு பொரித்ததும் எரித்துவிடுங்கள்.

கீரி, நாய், பாம்பு, காக்கா?

கோழிக்கு இருட்டினால் கண் தெரியாது. ஆறரை மணிக்குக் கூண்டுக் கதவு சாத்தியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தாழ்ப்பாளுக்கு ஒரு கொண்டியும் போடுங்கள், நாய் மூக்கால் நெம்பித் திறந்துவிடும். கூண்டைச் சுற்றிப் புதரை வெட்டி, சிந்திய தீனியைக் கூட்டிவிட்டால் எலி வராது. எலி வராவிட்டால் பாம்பும் பெரும்பாலும் வராது. முட்டை எடுக்கக் கூடைக்குள் பார்க்காமல் கையை விடாதீர்கள். காக்காவும் பருந்தும் குஞ்சுக்கு மட்டும்தான் எமன். ஒன்றரை மாதம் தாண்டினால் காக்கா பயம் போய்விடும். அதுவரை மேயும் இடத்தில் செடி, கொடி, பந்தல் என்று ஏதாவது மறைப்பு இருக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் எப்படிக் காப்பது?

நிழலும் தண்ணீரும்தான். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். மண்சட்டியில் தண்ணீர் வைத்து மதியம் ஒரு முறை மாற்றுங்கள். தீனியை அதிகாலையிலும் சாயங்காலமும் மட்டும் போடுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு முருங்கையோ வேம்போ இருந்தால் அதைவிடச் சிறந்த கூரை இல்லை.

டவுனில், சின்ன வீட்டில் வளர்க்கலாமா?

மூன்று, நாலு பெட்டை வளர்க்கலாம். சேவல் வேண்டாம், விடியற்காலை நாலு மணிக்கே கூவத் தொடங்கும். அக்கம்பக்கத்தாரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எச்சத்தைத் தினம் அள்ளினால் நாற்றம் வராது.

முட்டையைக் கழுவி வைக்கலாமா? பழுப்பு ஓடு என்றால்தான் நாட்டு முட்டையா?

கழுவ வேண்டாம். ஓட்டின்மேல் இயற்கையாக ஒரு மெல்லிய படலம் இருக்கிறது, கழுவினால் அது போய்க் கிருமி உள்ளே புகும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, சமைக்கும் முன் கழுவுங்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. நாட்டுக்கோழி முட்டை வெளிர் நிறத்திலிருந்து இளம்பழுப்பு வரை எப்படியும் இருக்கும், பண்ணையிலும் பழுப்பு முட்டை இடும் கோழி உண்டு. மஞ்சள் கரு அடர்ந்திருப்பது கீரையும் புல்லும் தின்றதால்.

லாபம் வருமா?

பத்துக் கோழியில் குடும்பம் நடத்த முடியாது. வீட்டுக்கு முட்டை, நல்லது கெட்டதுக்கு ஒரு சேவல், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொஞ்சம் கைக்காசு. எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு யாரையும் கேட்காமல் செலவு செய்யக் கிடைக்கும் பணம் இந்தக் கோழிப்பணம்தான், அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரு நோட்டில் தீனிச் செலவையும், முட்டை எண்ணிக்கையையும், ஊசி போட்ட தேதியையும் எழுதி வையுங்கள். முக்கியமாகத் தேதியை.

முட்டை நின்றுபோன கிழக்கோழியை என்ன செய்வது?

மூன்று வருடத்துக்குப் பிறகு முட்டை வெகுவாகக் குறையும். சிலர் விற்பார்கள், சிலர் குழம்பு வைப்பார்கள். கோழி வளர்ப்பில் இதுவும் உண்டு. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே இதைச் சொல்லி வைப்பது நல்லது. நான் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவதில்லை. என்னிடம் ஏழு வயதில் ஒரு கரும்புள்ளிப் பெட்டை இருக்கிறது. முட்டை இடுவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. ஆனால் மற்றவை வைத்த முட்டையின் மேல் இன்னும் அடைக்கு உட்காருகிறது. போன ஆவணியில்கூட எட்டுக் குஞ்சு இறக்கியது.